கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள்

நேரம் பார்ப்பதற்காக லட்சக்கணக்கில் செலவழித்து இயந்திரக் கைக்கடிகாரம் வாங்க வேண்டிய தேவை இன்று யாருக்கும் இல்லை. 1969 டிசம்பர் 25 அன்று சீகோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தபோதே அந்தப் போட்டி முடிந்துபோனது. சாதாரண பேட்டரி வாட்ச் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி தவறினால் அதிகம். சுவிட்சர்லாந்தின் சி.ஓ.எஸ்.சி. துல்லியச் சான்று பெற்ற இயந்திரக் கடிகாரத்துக்கோ, ஒரே நாளில் சராசரியாக நான்கு வினாடி பின்தங்கவும் ஆறு வினாடி முந்தவும் அனுமதி உண்டு. இதையும் விலையையும் சேர்த்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு எதற்கு வாங்குவது? முன்பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. பட்டுப்புடவை எடுக்கப் போன பாட்டி முந்தானையைப் புரட்டிப் பின்பக்கத்து நூலைப் பார்ப்பாரே, அப்படிக் கடிகாரத்தையும் திருப்பிப் பாருங்கள். நல்ல கடிகாரங்கள் பலவற்றில் பின்மூடி கண்ணாடியாகவே இருக்கும்.

உள்ளே ஒரு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் பேலன்ஸ் சக்கரம். சாவி கொடுக்கும்போது சுருளில் ஏறிய விசை, விட்டால் நொடியில் அவிழ்ந்துவிடும். அதைப் பிடித்துப் பிடித்து விடுவது ஒரு குட்டி நெம்புகோல். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விடுவது என்று சொல்வது பேலன்ஸ் சக்கரமும் அதன் நடுவிலுள்ள ஹேர் ஸ்பிரிங்கும். இன்றைய கடிகாரங்களில் பல, மணிக்கு 28,800 முறை தட்டுகின்றன. வினாடிக்கு எட்டு, நாளுக்கு 6,91,200. கையை வீசி நடந்தாலும், கவிழ்த்து வைத்தாலும், வெயிலில் நின்றாலும் இந்தக் கணக்கு பிசகக் கூடாது. ஒரு நாளின் 86,400 வினாடிகளில் ஆறு வினாடிதான் தவறுகிறது என்பதை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள்.

காதில் வைத்தும் கேளுங்கள். மணிக்கு 18,000 தட்டும் பழைய கடிகாரத்தில் ஒவ்வொரு டிக்கும் கிட்டத்தட்டத் தனியாகக் கேட்கும். கிராண்ட் சீகோவின் 36,000 தட்டும் இயந்திரத்தில் அது பொடிந்து ரீங்காரமாகிவிடும். வினாடி முள் வழுக்கிக்கொண்டு போகும். எனக்குப் பிடித்தது மெதுவானதுதான்.

அடுத்தது, வேலைப்பாடு. இதற்கு கிளாஷூட்டேயைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குத் தெற்கே மலைப்பள்ளத்தாக்கில் இருக்கும் சிற்றூர் அது. சுரங்கத் தொழில் நொடித்துப்போயிருந்த அந்த ஊருக்கு 1845 டிசம்பர் 7 அன்று கடிகாரத் தொழிலைக் கொண்டுவந்தவர் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல், குடும்ப நிறுவனம் அரசுடைமையானது. கடிகாரங்களிலிருந்து லாங்கே பெயரும் மறைந்தது. பெர்லின் சுவர் விழுந்த மறு ஆண்டு, அதே டிசம்பர் 7-ல், கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே நிறுவனத்தை மறுபடி பதிவு செய்தார். 1994-ல் புதிய கடிகாரங்கள் வெளிவந்தன.

அந்த நிறுவனம்தான் ஏ. லாங்கே உண்ட் சோனே. தன் கடிகாரம் ஒவ்வொன்றையும் அது இரண்டு முறை பூட்டுகிறது. முதலில் பூட்டி ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, மெருகேற்றி, மறுபடி பூட்டுவார்கள். உள்தகடு ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். மேலே முலாம் பூசாததால் விரல் பட்டாலே தடம் விழும், ஆண்டுகள் போகப் போகத் தேன்நிறம் ஏறும். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் துண்டில் உள்ள பூவேலை கையால் செதுக்கியது என்பதால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

லாங்கே நம் கைக்கு எட்டாது என்றால் குற்றமில்லை, பெரும்பாலோருக்கு எட்டாது. ஆனால் அங்கே பழகிய கண்ணோடு எந்தக் கடைக்கும் போகலாம். கடைக்காரரிடம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கித் தகடுகளின் ஓரத்தைப் பாருங்கள். விளிம்பைச் சாய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். இரண்டு விளிம்புகள் உட்புறமாகச் சந்திக்கும் மூலை கத்தி முனைபோல் கூராக இருந்தால் அது அரத்தால் கைபார்த்த வேலை. சுழலும் இயந்திரக் கருவி அந்த மூலையில் வளைவைத்தான் விட்டுப் போகும். நீலத் திருகுகள் இருந்தால் கேளுங்கள்: சுமார் 300 டிகிரிச் சூட்டில் எஃகு தானே நீலமானதா, சாயமா என்று.

சாவி கொடுத்தும் பாருங்கள். பெங்களூரில் 1961 முதல் வந்த எச்.எம்.டி. வாட்சுகளைக் கட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். தினமும் காலையில் விரலில் நரநரவென்று ஓடி, ஓரிடத்தில் போதும் என்று நின்றுவிடும். ஆட்டோமேடிக் வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் அதில் சுழலும் எடைத்தகடு பின்பக்கத்து அழகில் பாதியை மறைத்துவிடுகிறது.

ஆயுளுக்கும் வைத்திருப்பது என்றால் சிக்கல் குறைந்ததே நல்லது. பெர்பெச்சுவல் காலண்டர் பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று தானே அறியும். 2100 லீப் ஆண்டு இல்லை என்பது மட்டும் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. அதற்கு முன்பே அதன் சர்வீஸ் பில் நம்மைத் தடுமாற வைக்கும். மூன்று முள் போதும். அளவிலும் ஆசைப்படாதீர்கள். பாடெக் ஃபிலிப் நிறுவனம் 1932-ல் கொண்டுவந்த முதல் கலத்ராவா கடிகாரம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர்தான், இன்றும் பழசாகத் தெரியவில்லை. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கடிகாரம் வேறு யாருக்கோ செய்தது.

விலை பேசும் முன் சர்வீஸைப் பேசுங்கள். எண்ணெய் காயும், ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் ஒருமுறை முழுக்கப் பிரித்துத் துடைத்தாக வேண்டும். எங்கே செய்வார்கள், எத்தனை மாதம் ஆகும், முப்பது ஆண்டு கழித்தும் உதிரிபாகம் கிடைக்குமா? 1839-ல் தொடங்கித் தான் செய்த எதையும் பழுதுபார்த்துத் தருவதாக பாடெக் சொல்கிறது. எல்லா நிறுவனமும் அப்படிச் சொல்வதில்லை.

நம் ஊர் வியர்வைக்குத் தோல் ஸ்ட்ராப் சீக்கிரம் நாறும், கோடையில் கழற்றி வேறு போடுங்கள். ஒருநாள் திடீரென நிமிடக்கணக்கில் முந்தி ஓடினால் பதறாதீர்கள். ஸ்பீக்கர், கைப்பைக் காந்தம் என்று எதனருகிலோ இருந்து ஹேர் ஸ்பிரிங் காந்தமேறியிருக்கலாம், ரிப்பேர் கடையில் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மட்டும் ரசீதில் ‘கேஸுக்கு பாலிஷ் வேண்டாம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் உலோகத்தைத் தின்னும். நான்கு முறை போட்டால் கொம்புகளின் விளிம்பு மழுங்கிவிடும், கீறலைப் போக்கலாம், அந்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல.