புது நூலுக்கும் பழஞ்சுவடிக்கும் ஒரே டெண்டரா?

நூலகச் சரக்கை ஏற்றி இறக்க அரசு டெண்டர் விட்டால், தகுதி பெற்றவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. தமிழ்நாட்டின் 1998 சட்டமும் கர்நாடகத்தின் 1999 சட்டமும் பொதுக் கொள்முதலுக்கு வகுத்த நெறி இது. வேண்டியவருக்கு வேலையைத் தள்ளிவிடும் வழியை இது பெருமளவு அடைத்தது. அந்த வகையில் நல்ல விதி. எல்லாச் சரக்குக்கும் அது போதுமா என்பதே கேள்வி.

1997-இல் மைசூரிலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஹனூர்ப் பக்கத்து மலைக்கிராம நூலகத்துக்குப் புதுப் புத்தகம் போகிறது. பெட்டி நனைந்தால் அதே நூலைப் பதிப்பாளரிடம் மறுபடி வாங்கலாம். இங்கே குறைந்த வாடகையே சரி. மிச்சமாகும் பணத்தில் இன்னும் சில நூல்கள் வரும்.

மைசூரில் இருப்பவை வேறு. 1905-இல் அர்த்தசாஸ்திரச் சுவடி வெளிச்சத்துக்கு வந்த கீழைக்கலை நூலகம் அங்கேதான். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் ஊட்டியிலிருந்து அங்கே போனது. அங்கிருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு, ஆறு மாதக் கெடுவும் வைத்தது. ஈரத்தாளைக் கல்லின்மேல் விரித்துத் தட்டி, மை ஒற்றி எடுத்த படிகள் அவை. மடிப்பில் கிழிந்தால் எழுத்தும் போகும். மூலக்கல் திருப்பணியிலோ சாலைப் பணியிலோ அழிந்திருந்தால், அந்தத் தாள்தான் மிஞ்சிய சாசனம்.

இத்தகைய சரக்கொன்று மைசூரிலிருந்து கொங்கு நாட்டுக்கு வருவதாக வைப்போம். சாமராஜநகர் தாண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் இறங்க வேண்டும். 2022 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே மாலை 6 முதல் காலை 6 வரை கனரக லாரிகளுக்குத் தடை. நேரம் தவறிய வண்டி புளிஞ்சூர் சோதனைச் சாவடியில் விடியும்வரை கிடக்கும். மேலே இருப்பது தார்ப்பாய் மட்டும் என்றால், கயிறு தளர்ந்த மூலையில் இறங்கும் மழைநீர் அடிப்பெட்டியில்தான் தேங்கும். அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொண்டவர் மிச்ச இடத்தில் மஞ்சள் மூட்டையை ஏற்றித்தான் கணக்கைச் சரிக்கட்டுவார்.

நஷ்டம் வந்தால்? 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள், லாரிக்காரரின் பொறுப்பைப் பொதுவாக வாடகையின் பத்து மடங்குக்குள் நிறுத்துகின்றன. கூடுதல் கட்டணம் கட்டினால்தான் அதற்கு மேல் கோரலாம். வாடகை 20,000 ரூபாய் என்றால் வரம்பு 2 லட்சம். போட்டியில் அது 12,000 ஆக இறங்கினால் 1,20,000. அதாவது டெண்டரில் ‘மிச்சம்’ பிடித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்து ரூபாய்ப் பாதுகாப்பை அரசு இழக்கிறது. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

இந்த வேறுபாடு அரசுக்குத் தெரியாததும் அல்ல. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி, படிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பாக ஏற்கிறது. அரிய நூல் என்றால், விலை எதுவானாலும் விசாரணை உண்டு என்கிறது. அலமாரியில் காட்டும் இந்த அக்கறை லாரியில் ஏற்றும்போதும் வேண்டாமா?

தரத்துக்கு மதிப்பெண் போடலாம் என்பார்கள். 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் அதற்கு 30 விழுக்காடு வரை இடம் கொடுத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மதிப்பெண் போடும் கை வேண்டியவரை மறுபடி உள்ளே விட்டுவிடும்.

குறைந்த விலை விதி இருக்கட்டும். அரிய சரக்குக்குத் தனி டெண்டர் வேண்டும். மூடிய வண்டி, வழியில் லோடு மாற்றாமை, கூரையுள்ள கிடங்கில் மட்டும் இரவு நிறுத்தம், அறிவித்த முழு மதிப்புக்குக் காப்பீடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் தேவையில்லை. ஒன்று குறைந்தாலும் விலை உறையைத் திறக்கவே கூடாது. நிறைவேற்றியவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகட்டும். காப்பீட்டுக்கு அறிவிக்கும் மதிப்பை எழுத வேண்டியவர் நூலகர். அவர் கையெழுத்திட்ட பட்டியல் இல்லாமல் டெண்டர் அறிவிப்பே வெளிவரக் கூடாது.