பார்முலா மாருதி: பட்டியலில் விடுபட்டவை

பார்முலா மாருதி என்பது 1980களின் பிற்பகுதியில் இந்தியாவில் தொடங்கிய ஒற்றை இருக்கைக் கார் பந்தயம். மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பந்தயத்துக்கென்று செய்த சட்டத்தில் பொருத்தி ஓட்டினார்கள். இந்தக் காரை உருவாக்கியவர் கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன்.

இப்பந்தயத்தைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: நரேன் கார்த்திகேயன் இங்கிருந்துதான் புறப்பட்டு 2005இல் பார்முலா 1 பந்தயத்தை எட்டினார். செய்தி உண்மைதான். ஆனால் ஏறிப்போனவரை மட்டும் சொல்லி ஏணியைச் சொல்லாமல் விடும் பழக்கம் இது.

சோழவரத்தை நினைத்துப் பார்த்தால் விடுபட்டது என்னவென்று விளங்கும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. சென்னைக்காரர்கள் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் பார்முலா 1 காரையே அங்கே ஓட்டினார். அப்படிப்பட்ட வண்டியோடு உள்ளூர்ப் பட்டறையில் திருத்திய கார் எப்படிப் போட்டியிடும்? பணம் பாதி முடிவைச் செய்துவிடும். பார்முலா மாருதியில் எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின். உதிரி பாகம் ஊர்க் கடையில் கிடைக்கும். வித்தியாசம் ஓட்டுநரின் கையிலும் மெக்கானிக்கின் காதிலும் வந்து நின்றது. அந்த மெக்கானிக்கைப் பற்றித்தான் எழுத்தில் ஒன்றும் இல்லை.

முடிவுப் பட்டியல் எவ்வளவு சொல்லும் என்பதற்கு நரேனின் பந்தயமே சாட்சி. 2005 அமெரிக்கப் பந்தயத்தில் அவர் நான்காம் இடம் என்று பட்டியல் சொல்லும். டயர் சிக்கலால் மற்றவர்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே ஓடின என்பதைச் சொல்லாது.

செஞ்சி இதில் வேறு வழி காட்டுகிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையிடம் தோற்று இறந்தவர் தேசிங்கு ராஜா. கதைப்பாடல் வென்றவரை விட்டுவிட்டுத் தோற்றவரைப் பிடித்துக்கொண்டது. அவரை மட்டுமா? யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அவர் அடக்கியதும், நண்பர் மகமத்கானும், அந்த நண்பரின் குதிரை நீலவேணியும்கூடப் பாட்டில் இருக்கிறார்கள். மிகைக்கும் அங்கே குறைவில்லை. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் குதிரைக்குப் பெயர் உண்டு, கூட நின்றவனுக்கும் பெயர் உண்டு. முந்நூறு ஆண்டு கழித்தும் செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரிகின்றன. முப்பது சொச்சம் ஆண்டுக்கு முந்திய காரைச் செய்த கைகளின் பெயர் தெரியவில்லை.

1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் திறந்தது. பின்னர் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் வேறு ஒற்றை இருக்கைக் கார் பந்தயங்கள் வந்தன. கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள தடத்துக்கு அவர் நினைவாகக் 'கரி' மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். அங்கே இன்று பந்தயம் பார்க்கப் போகும் மாணவர் பலர் கரி என்றால் புகைக்கரி என்றே நினைத்துக்கொள்ளக்கூடும். அந்தப் பட்டறைகளில் சட்டத்தை வெல்டிங் செய்தவர்கள் இப்போது முதியவர்கள். கேட்டு எழுதுவதென்றால் முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும்.