கூலி எப்படி "விடுபட்டுப்" போகிறது?

சம்பளச் சட்டங்களை முதலாளிமாருக்கு விளக்கும் கைநூல்கள் சிலவற்றை அண்மையில் வாசித்தேன். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாலும் வினைக்கு எழுவாயைத் தேடும் விரிவுரையாளப் புத்தி இன்னும் போகவில்லை. இவற்றில் கூலியை யாரும் எடுப்பதில்லை. அது விடுபட்டுப் போகிறது. விட்டவர் யாரென்பதற்கு எழுவாய் இல்லை.

நான் வேலை செய்யும் பிளசன்டன், சம்பளக் கணக்கு மென்பொருளுக்குப் பேர்போன ஊர். முன்பு பீப்பிள்சொஃப்டின், இப்போது வேர்க்டேயின் தலைமையகம் இங்குதான். மலைக்கு அப்பாலுள்ள பிரிமொன்டுக்கு எலெக்ட்ரோனிக்ஸ் ஃபொர் இமேஜிங் கொம்பனி 2013இல் தன் அலுவலகத்தை மாற்றியபோது, அந்த வேலைக்குப் பெங்களூரிலிருந்து எட்டுப் பேரைக் கொண்டுவந்தது. கிழமைக்கு 120 மணித்தியாலம் வரை வேலை. மணித்தியாலத்துக்குக் கொடுத்தது 1.21 டொலர், அதுவும் இந்திய ரூபாயில். கலிபோர்னியாவின் ஆகக்குறைந்த கூலி அன்று 8 டொலர். 2014இல் மத்திய தொழில் திணைக்களம் பிடித்தபோது, சட்டத்தை அறியாமல் கவனிக்கத் தவறிவிட்டோம் என்றது கொம்பனி. 120 மணித்தியாலத்தைக் கவனியாமல் விடுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும்! நிலுவை 40,000 டொலருக்குச் சற்று மேல். தண்டம் 3,500 டொலரளவுதான்.

பெரிய தொகை கவனத்தில் படாது; சிறிய தொகையோ அற்பம். ஸ்டார்பக்ஸ் ஊழியர் ஒருவர் நேரப்பதிவை முடித்த பின்பும் கடை பூட்டும் வேலைகளைச் செய்தார். 17 மாதங்களில் சேர்ந்தது 12 மணித்தியாலம் 50 நிமிடம், 102.67 டொலர். அற்பமென்று கொம்பனி வாதாடியது. ஒரு கிழமைச் சாமான் வாங்கப் போதுமான காசு அது என்றது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், 2018இல்.

மலையகத்தில் 1927இலிருந்தே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உண்டு. ஆனாலும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்: காலையில் பிரட்டுக்கு முழு ஆளாக வந்தவள் செக்ரோலில் பாதி ஆளாகிறாள். இதை நம்மவர் நிறைய எழுதிவிட்டார்கள். நம்மவர் கடைகளைப் பற்றித்தான் எழுதுவதில்லை. "தம்பி, நீயும் வீட்டுப் பிள்ளைதானே" என்று கணக்கில் வராத காசைக் கையில் வைக்கிறார்கள். விசா இல்லாத தம்பி வாய் திறப்பதில்லை.

கலிபோர்னியாவின் கூலிச் சட்டத்துக்கு விசா தேவையில்லை. 2026 ஜனவரியிலிருந்து 16.90 டொலர் அவனுக்கும் உரியது; நாளுக்கு எட்டு மணித்தியாலத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. சம்பளச் சீட்டே கிடைக்காதவன் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். முதலாளி பதிவு வைத்திராவிட்டால், தொழில் ஆணையாளரிடம் அந்தக் கொப்பி சாட்சியமாக எடுபடும்.