ஒரு மீன், இரண்டு அர்த்தம்

நகைச்சுவை வசனகர்த்தா கிரேஸி மோகன் கிண்டியில் பொறியியல் படித்தவர். வசனத்தில் அது தெரியும். ஒரு சொல்லைக் கழற்றினால் சிரிப்பு நின்றுவிடும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) கல்யாணச் சமையலைப் பாருங்கள். சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. அதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும்போது, தமிழ் மீனும் ஆங்கில ‘மீனும்’ (mean) மோதிக்கொள்கின்றன. சமையல்காரராக வரும் கமலின் பாலக்காட்டுத் தமிழ் வேறு தாளம் போடுகிறது. முதல்முறை பார்த்தபோது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை அரங்கின் சிரிப்பு விழுங்கிவிட்டது.

நாடகம், சினிமா, சின்னத்திரை எதிலும் அவர் நாயகிகளில் பலருக்கு ஒரே பெயர்: ஜானகி. பள்ளியில் அவரை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது.