மணலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கம்ப்ரஸர்

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்து மணல்மேடுகளில் ஏறும் நான்கு சக்கர இயக்க ஊர்திகள், டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு வரை தளர்த்தி, தரையைத் தொடும் பரப்பை நீட்டிக்கொண்டு புதையாமல் செல்கின்றன. கெட்டியான சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் அடைத்தாக வேண்டும் என்பதால், கம்ப்ரஸரை ஊர்தியிலேயே நிலையாகப் பொருத்திவிடுவோர் அங்கே பலர்.

இவ்வேலையின் நேர்த்தி பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களில்தான் இருக்கிறது. அழுத்தப்படும் காற்று சூடேறும் ஆதலால், அது வெளியேறும் வாயில் சாதாரண ரப்பர் குழாயைத் தவிர்த்து, எஃகுக் கம்பிப் பின்னல் போர்த்திய டெஃப்லான் குழாயை இணைப்பதும், நீர் எட்டாத உயரத்தில், எஞ்சினின் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கருவியை அமர்த்துவதும் தேர்ந்த கையின் அடையாளங்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் பெரிது. ஆகவே பேட்டரியிலிருந்து தடித்த கம்பியும், அது எங்கேனும் உரசி ஷார்ட் ஆனாலும் தீப்பிடிக்காதபடி பேட்டரியை ஒட்டியே ஒரு ஃப்யூஸும், சிறு மின்னோட்டத்தால் பெரியதைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்சான ரிலேயும் வேண்டும். காற்றைச் சேமிக்கத் தொட்டியும் வைத்தால், காற்று குளிர்கையில் படியும் நீரை வடிக்க அதன் அடியில் ஒரு வால்வு தேவை. எளிதில் மறக்கப்படுவதும், மறந்தால் தொட்டியை உள்ளிருந்தே துருப்பிடிக்க விடுவதும் இதுவே.