திசை உண்டு, தூரம் இல்லை

நம் படங்களின் சப்தத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் எத்தனை ஸ்பீக்கர் என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணப் படமாக மறுபடி வந்தபோது டால்பி அட்மாஸும் இந்தியப் படங்களுக்கு வந்து சேர்ந்தது. 128 தடங்கள் வரை, 64 ஸ்பீக்கர்கள் வரை, தலைக்கு மேலேயும் சப்தம். இவற்றைச் சாதனை என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இத்தனை திசைகள் கிடைத்த பிறகும் நம் அரங்குகளில் எதுவும் தூரத்தில் ஒலிப்பதில்லையே, ஏன்?

இந்தக் கேள்வி எனக்குக் கிளியூரில் பிறந்தது. ஏற்காட்டு ஏரியின் உபரி நீர் சுமார் 300 அடி விழுகிற இடம் அது. கோடையில் வெறும் பாறை. மழைக்குப் பின்தான் அருவி. ஒரு மழைக்காலக் காலையில் நான்கு முகம் கொண்ட மைக் ஒன்றோடு அந்தச் செங்குத்தான பாதையில் இறங்கினேன். மேலே நிற்கும்போது அருவியா காற்றா என்று சொல்லமுடியாத ஒரு முணுமுணுப்பு. இலை சொட்டுவதும் காலடியில் சரளைக்கல் நெரிவதும்தான் அங்கே பெரிய சப்தங்கள். இறங்க இறங்க முணுமுணுப்பு கனத்துக்கொண்டே போய், கடைசியில் மார்பில் அறைகிறது. கண் அருவியைப் பார்ப்பதற்கு வெகு முன்பே காது அதன் தூரத்தை அளந்துகொண்டு வந்திருக்கிறது.

வீட்டில் மின்விசிறிக்கும் தெருவுக்கும் நடுவே இதைப் போட்டுக் கேட்டபோது பாதிப் பதிவைக் காணோம். மென்மையானதெல்லாம் மூழ்கிவிட்டது. எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் இடையே உள்ள வீச்சைக் கம்ப்ரஸரால் சுருக்கினேன். அதன் காரியம் எளியது. ஒரு வரம்பு வைக்கிறோம். விகிதம் நாலுக்கு ஒன்று என்றால், வரம்புக்கு மேல் 12 டெசிபல் ஏறவேண்டிய சப்தம் 3 டெசிபல்தான் ஏறும். பிறகு மொத்தத்தையும் உயர்த்தினால் மென்மையானதும் கேட்கும்.

ஒற்றைச் சப்தத்துக்கு இது போதும். இடத்தோடு சேர்ந்த சப்தத்தில்தான் வினை. அந்த மைக்கிலிருந்து கிடைப்பவை நான்கு சமிக்ஞைகள். ஒன்று எல்லாத் திசைகளையும் சமமாகக் கேட்பது. மற்றவை முன்பின், இடவலம், மேல்கீழ். திசை என்பது இந்த நான்கின் பரஸ்பர விகிதம், அவ்வளவே. நான்கையும் தனித்தனியே சுருக்கினேன். விகிதம் கலைந்து, நின்ற இடத்தில் விழவேண்டிய அருவி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து மீண்டது. எல்லாத் திசைகளையும் கேட்கும் முதல் சமிக்ஞையை மட்டும் காவல் வைத்து, அது சொல்கிற அளவுக்கு நான்கையும் ஒன்றாகத் தாழ்த்துவதுதான் சரியான முறை. அப்படிச் செய்தேன். திசை பிழைத்தது. ஆனால் எனக்குப் பின்னால் சில இளைஞர்கள் விசிலடித்தபோதெல்லாம் அருவி அரை விநாடி பதுங்கியது. உரத்தவன் வாய் திறந்தால் மலையே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. மீளும் நேரத்தை நீட்டி அதையும் மறைத்தேன்.

குறைகளெல்லாம் தீர்ந்த பின்தான் பெரிய குறை தெரிந்தது. பாதை தொடங்கும் இடத்திலேயே அருவி தெளிவாகக் கேட்டது. புறப்படுமுன்பே வந்து சேர்ந்துவிட்டேன்.

நம் காது இதற்குப் பழகிய கதை பழையது. இதே மலையின் அடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. அன்றைய படச்சுருளின் ஓரத்தில் ஓடிய ஒலித்தடத்துக்கு வீச்சு குறைவு. மெல்லப் பேசினால் இரைச்சலில் மூழ்கும், கத்தினால் பிசிறும். அவர்களுக்கு அது விதி. நமக்கு அந்த விதி இல்லை. திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபலுக்குச் சரிசெய்யப்பட்டு, அதற்கு மேல் 20 டெசிபல் இடம் விடப்படுகிறது. எப்போதாவது போய்வரவேண்டிய அந்த மாடியில் நாம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டோம். காது வலிக்கிறது என்று பார்ப்பவர்கள் முறையிட, அரங்கில் அளவைக் குறைக்கிறார்கள். குறைப்பார்கள் என்று தெரிந்து ஒலிக்கலவை செய்கிறவர் இன்னும் உரக்கக் கலக்கிறார். இந்தப் போட்டியில் செத்துப்போவது முணுமுணுப்பு. அதோடு தூரமும்.

சுருக்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. குழந்தை தூங்கும் வீட்டில், பஸ்ஸில், அது தேவை. மலையின் சப்தங்களுக்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டியிருக்கிறது. அகநானூற்றின் 82-ஆம் பாட்டில் கபிலர் அதைச் செய்திருக்கிறார். மூங்கில் துளையில் நுழையும் காற்று அவருக்குக் குழல், அருவி முழவு, வண்டு யாழ். அருவியின் அடியில் நின்றவனுக்கு வண்டு கேட்காது. இவருக்குக் கேட்கிறதென்றால், நிற்கும் இடத்தைத் தேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். முழவை அமுக்கவில்லை, தள்ளி நின்றார். வீச்சைக் கட்டுப்படுத்துவது கடைசியில் எங்கே நிற்பது என்கிற தீர்மானம்தான். அதைக் கலைஞன் எடுக்காவிட்டால் கருவி எடுத்துக்கொள்கிறது. நம் படங்களில் பெரும்பாலும் கருவிதான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு பதிவுகளையும் நண்பர்களுக்குப் போட்டுக்காட்டினேன். சுருக்கியது நன்றாக இருக்கிறது என்றார்கள். சுருக்காததில் ஆரம்பத்தில் ஒன்றுமே கேட்கவில்லை என்று ஒருவர் எழுந்து அளவைக் கூட்டப் போனார். இன்னொருவர் அவரைத் தடுத்து, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.