மலையகத்தின் கதையை எழுதியவர்கள்

தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு ஒரு விசேட அர்த்தம் உண்டு. ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பிரட்டுக்களத்திலே விடிந்து, கொழுந்து மடுவத்திலே இருளும் ஒரு நாளின் வரலாறு முழுவதும் செக்ரோலில் ஒரு கோடாக முடிந்துவிடுகிறது. நூறாண்டுக்கு மேலாக இம்மக்களைப் பற்றித் தவறாமல் எழுதப்பட்டு வந்த நூல் அந்தச் செக்ரோல் ஒன்றே என்று கூறின் அது மிகையாகாது. ஆகவே, மலையகத்தைப் பற்றிய வாழ்க்கை நினைவுகளையும் கட்டுரைத் தொகுதிகளையும் நமது வாசகர்களுக்குச் சிபாரிசு செய்ய முற்படும்போது, நடையழகைப் பற்றிய கேள்வியைச் சற்றே ஒதுக்கிவைத்து, எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்பதையே நாம் முதலிற் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவின் பிரதிநிதி சௌ. தொண்டமான்; தலவாக்கலையின் பிரதிநிதி சி. வி. வேலுப்பிள்ளை. இருவருமே கங்காணிக் குடும்பங்களில் வந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், அதையடுத்து வாக்குரிமையைப் பறித்த சட்டமும் இருவரையும் நாடாளுமன்றத்துக்கு வெளியே நிறுத்தின. பின்னர் இருவரும் ஆங்கிலத்திலேயே தம் நூல்களை எழுதினர். வேலுப்பிள்ளையின் 'பார்ன் டு லேபர்' 1970இல் வந்தது. தொண்டமானின் சுயசரிதையாகிய 'டீ அண்ட் பாலிடிக்ஸ்' 1987இல் வந்தது. இத்துணை ஒற்றுமைகள் இருந்தும், நூல்கள் இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

தொண்டமானின் நூலிலே பேச்சுவார்த்தை மேசைகள் உண்டு, பிரதமர்கள் உண்டு, ஒப்பந்தங்கள் உண்டு. ஓர் அமைச்சர் தம் அரசியலை விளக்கும் பத்திரம் என்ற முறையில் அதற்கு மதிப்பு உண்டு. அதைப் படிக்காமல் இம்மக்களின் அரசியலை விளங்கிக்கொள்ளவும் இயலாது. ஆனால் அங்கே தொழிலாளர் எப்போதும் ஒரு தொகையாகவே வருகின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் விதி பிற்பாடு என்று எழுதினார்களே, அந்தப் பாஷையின் சாயல் தலைவர்களின் சுயசரிதைகளிலும் படிந்துவிடுகிறது.

வேலுப்பிள்ளையோ தனி மனிதர்களைக் காண்கிறார். தோட்டத்தில் வாழ்ந்து மடியும் பலதரப்பட்ட மாந்தரைச் சிறு சிறு சித்திரங்களாக வரைகிறார். அவர்களுடைய சிறுமைகளையும் அவர் மறைப்பதில்லை. இந்நூலைச் சுயசரிதை என்று சொல்ல முடியாது. எனினும் தம் வாழ்நாள் முழுவதும் கண்டதையே ஒருவர் எழுதும்போது அது சுயசரிதைக்கு வெகு தூரத்திலும் இல்லை. நமக்குள்ள மனக்குறை ஒன்று. தாம் எழுதியவற்றைத் தம் கதாமாந்தர் படிக்க முடியாத மொழியில் அவர் எழுதினார். தோட்ட உலகத்தின் மேல்தட்டோடு வாதாட அன்று ஆங்கிலம் தேவைப்பட்டது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. மு. சிவலிங்கம் அவர்களின் மொழிபெயர்ப்பில் 'தேயிலை தேசம்' என்ற பெயரோடு அந்நூல் தமிழுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. இருந்தாலும் வந்தது நல்ல காரியம்.

அண்மைக் காலத்தில் வந்த கட்டுரைத் தொகுதிகளிலே நாம் முதலிடம் கொடுப்பது மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' என்னும் நூலுக்கு. க்ரியா பதிப்பகம் 2014இல் வெளியிட்டது. பதுளை மண்ணிலிருந்து வந்த இவர், எழுபதுகளின் இறுதியில் வைகறை என்ற பதிப்பகத்தை நடத்தி, தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' ஆகிய சிறுகதைத் தொகுதிகளை அச்சேற்றியவர். பழைய நூலகங்களில் புதைந்து கிடந்த ஏடுகளைத் தேடியெடுத்து, அவற்றை எழுதியது யார், எவருக்காக எழுதினார் என்று விடாப்பிடியாக விசாரிக்கிறார்.

நூலின் பெயரே ஒரு குற்றப்பத்திரிகை. தோட்டத்துக்கு வரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தொழிலாளரை வேலை வாங்குவதற்காகத் தமிழ் பயிலக் கைநூல்கள் அச்சிடப்பட்டன. 1878இல் வந்த ஒன்றின் பெயர் 'இங்கே வா'. 1915இல் வந்த வேறொன்றின் பெயரே 'கூலித் தமிழ்'. சங்கப் பாடல்களும் குறளும் பிறந்த மொழியிலிருந்து ஏவல் வினைகளை மாத்திரம் உரித்தெடுத்து, வா, போ, வெட்டு, தூக்கு என்று ஒரு பாஷையைத் துரைமார் சமைத்துக்கொண்டார்கள். மொழியும் வர்க்கத்தின் கையில் ஒரு கருவி என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. இங்கே அதனைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார் ஆசிரியர். 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யை அவர் ஆராயும் முறையும் அப்படிப்பட்டதே. மலையகத்தின் ஆதி இலக்கியம் என்று அதனைத் தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பாட்டு யார் பக்கம் நின்று பாடுகிறது என்று அவர் பார்க்கிறார். பழமையைக் கண்டால் உடனே கும்பிட்டு விழும் நமது ஆராய்ச்சியாளர் சிலர் இந்த ஒரு கட்டுரையையாவது படிப்பது நலம்.

சாரல் நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' (1988) வேறு வகையான உழைப்பு. ஆசிரியர் தேயிலைத் தொழிற்சாலையிலே உத்தியோகம் பார்த்தவர். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையை ஓய்வு நேரத்தில் செய்து முடித்தார். அந்நியர் எவரும் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக நுழைந்த தஞ்சாவூர்ப் பிராமணர் நடேசய்யர், தொழிற்சங்கம் கண்டு, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற வரலாறு இதிலே இருக்கிறது. தம் நாயகர் மீது சாரல் நாடனுக்குள்ள பக்தி சில இடங்களில் விமர்சனத்தை விழுங்கிவிடுகிறது. ஆயினும் அவர் திரட்டித் தந்த செய்திகளின்றிப் பின்வந்தவர் ஓரடியும் வைத்திருக்க முடியாது.

நாம் கூறிய நான்கு நூல்களையும் எழுதியோர் ஆடவர். கொழுந்து பறிப்போருட் பெரும்பாலோரோ பெண்கள். தொழிற்சங்க மேடைகளிலே பாடிய மீனாட்சியம்மையின் பெயரைக் கூட நடேசய்யரின் துணைவியார் என்ற அடைமொழியோடுதான் நாம் நினைக்கிறோம். கூடையைத் தலையிலே கட்டி முப்பது வருஷம் மலையேறிய ஒரு பெண், தன் கைக்கு வந்த சம்பளத்தை யார் வாங்கினார்கள், பிள்ளைக்காம்பராவிலே விட்டுப்போன குழந்தை என்னவாயிற்று என்று தானே சொல்லும் பக்கங்கள் இந்நூல்களில் இல்லை. 2023இலே, மலையகத்தாரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததென்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கூட்டங்கள் கூடின. அந்த உற்சாகத்திலே ஒரு பங்கை, லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரின் வாய்மொழியை எழுதியெடுப்பதிலே செலவிடலாகாதா? நல்ல கையெழுத்தும், குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையும் உள்ள ஓர் உயர்தர வகுப்பு மாணவி போதும்.

'கூலித்தமி'ழை முதலிலும், 'தேயிலை தேச'த்தை அடுத்தும் படிக்குமாறு ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தொண்டமானின் சுயசரிதையை அவற்றுக்குப் பின் படிப்பதே நலம். அப்போதுதான் மேசைக்கு இந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பது விளங்கும். பழைய மலையக வெளியீடுகள் பல கடைகளிலே கிடைப்பதில்லை. நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்திலே அவற்றுட் பலவற்றைக் காசின்றிப் படிக்கலாம்.